கைவேலையோடு கவனிப்பையும் பிரித்துக்கொள்ளுங்கள்: தம்பதிகளுக்கான வீட்டு வேலைப் பங்கீடு

வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியே கேட்டு, இரண்டையும் கூட்டினால் பெரும்பாலும் நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். உளவியலாளர்கள் மைக்கேல் ராஸும் ஃபியோரே சிகோலியும் 1979-ல் வெளியிட்ட ஆய்வில் கண்டது இது. யாரும் பொய் சொல்வதில்லை. தான் செய்தது நினைவில் நிற்கிறது, மற்றவர் செய்தது நிற்பதில்லை. அதனால் வாக்குவாதத்தை விட்டுவிட்டுத் தாளை எடுங்கள்.

ஒரு வாரம் இருவரும் தனித்தனியாக, செய்த வேலையை உடனுக்குடன் குறியுங்கள். இரவில் யோசித்து எழுதினால் அதே கோளாறு திரும்ப வரும். மருந்து தீரப்போவதைக் கவனித்தது, பள்ளிக்குப் பதில் அனுப்பியது எல்லாம் தாளில் ஏற வேண்டும். வழக்கமாக விடுபடுவது இவைதான்.

துணி துவைப்பதையே பாருங்கள். கூடை நிரம்பியதைக் கவனிக்க வேண்டும், சோப்புத்தூள் இருக்கிறதா பார்க்க வேண்டும், நாளைக்குச் சீருடை தேவை என்பது நினைவிருக்க வேண்டும். பிறகுதான் துவைப்பது, உலர்த்துவது, மடித்து வைப்பது. இயந்திரத்தை ஓடவிடுவது மட்டும் ஒருவர் பங்கு என்றால் பாரம் குறையவே இல்லை. சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, இந்த மூளைவேலையை முன்கூட்டி உணர்வது, வழி தேடுவது, முடிவெடுப்பது, சரியாக நடக்கிறதா என்று கண்காணிப்பது என நான்காகப் பிரித்தது. முதலாவதும் கடைசியும் பெண்கள் பக்கமே அதிகம் சாய்ந்திருந்தன. “சொன்னா செய்வேனே” என்ற பேச்சு எரிச்சலூட்டுவதும் இதனால்தான். சொல்வதற்காகவே ஒருவர் நாள் முழுக்கக் கணக்கு வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

எனவே கைமாற்றினால் முழு வேலையாக மாற்றுங்கள். ‘முடிந்தது’ என்றால் என்ன என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்: பாத்திரம் கழுவி, தொட்டி வடிகட்டியில் சிக்கியதை எடுத்து, மேடையைத் துடைத்தால் முடிந்தது. அதன்பின் மூன்று வாரம் தலையிடாதீர்கள். மடிப்பு கோணலாகத்தான் இருக்கும். அதைப் பிரித்துத் திரும்ப மடித்தீர்களானால் வேலை பழைய கைக்கே வந்துவிடும். மருந்து, குழந்தையின் பாதுகாப்பு, கட்டணக் கெடு ஆகிய மூன்றில் மட்டும் உடனே குறுக்கிடலாம்.

மணிக்கணக்கு சமமாக இருந்தும் ஒருவர் மட்டும் களைத்துப்போகிறாரா? தினசரி வேலைகள் யாரிடம் என்று பாருங்கள். சமையல், பாத்திரம், குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டியவை. வண்டி கழுவுவதும் சின்னப் பழுதுகளும் ஞாயிறு வரை காத்திருக்கும். தினசரி வேலை ஒன்றாவது இருவரிடமும் இருக்கட்டும். ஒப்பிடுவதானால் யாருக்கு எவ்வளவு ஓய்வு கிடைக்கிறது என்று ஒப்பிடுங்கள். அலுவலக நேரமும் அதில் தானாக அடங்கிவிடும்.

வாரம் ஒருமுறை, பசியும் தூக்கமும் இல்லாத நேரமாகப் பார்த்து, 15 நிமிடம் பேசினால் போதும். ஒருவருக்கு உடம்பு முடியவில்லை, வேலைப்பளு கூடியது என்று பங்கை மாற்றினால் திரும்ப எடுத்துக்கொள்ளும் தேதியையும் அப்போதே குறியுங்கள். தேதி இல்லாத தற்காலிக ஏற்பாடு சத்தமில்லாமல் நிரந்தரமாகிவிடும்.