காலை நடைக்குக் கிளம்பும் முன் புகையைப் பாருங்கள்

சின்னமனூர், உத்தமபாளையம் என்று கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் மார்கழி விடியற்காலைக் காற்று சுத்தமானது என்றே நினைக்கிறோம். குளிர்ச்சியானது, சரி. ஆனால் இரவில் மலைச்சரிவிலிருந்து இறங்கும் குளிர்காற்று கீழே தேங்கிவிடும். அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல நிற்கும். அடுப்புப் புகை, குப்பைப் புகை, வண்டிப் புகை எல்லாம் அதற்கடியிலேயே சுற்றும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். டீக்கடை விறகடுப்புப் புகையைக் கவனியுங்கள். மேலே போய்க் கலைந்துவிட்டால் நல்லது. தென்னைமர உயரம் போனதும் வேட்டி விரித்ததுபோலப் படுத்துக்கொண்டால், நடையைத் தள்ளிப்போடுங்கள். வெயில் ஏறித் தரை சூடானதும் அந்த மூடி கலையும். பெரும்பாலும் 8, 9 மணிக்குமேல். மாலை நடை இன்னும் நல்லது, ஆனால் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் இல்லாமல் வெளியே போகவே வேண்டாம். முகத்தில் துண்டு கட்டினால் தூசி நிற்கும், 2.5 மைக்ரானுக்கும் சிறிய புகைத்துகள் நிற்காது. அதற்கு என்95 முகக்கவசம்தான். அப்புறம், போகியன்று தயவுசெய்து டயரை எரிக்காதீர்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அன்று வெயில் வரும்வரை சன்னலைச் சாத்தி வையுங்கள்.