லூசெர்னில் மூன்று இரவு: மலைக்கு மட்டும் நாள் குறிக்காதீர்கள்

முதல்முறை சுவிட்சர்லாந்தின் லூசெர்னுக்குப் போனபோது அந்த ஊரில் நான் இருந்தது மொத்தம் இரண்டரை மணி நேரம். குழுவாக அழைத்துப்போகும் சுற்றுலா. பஸ் இறக்கிவிட்டது, வழிகாட்டி குடையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் நடந்தார். சிங்கச் சிற்பத்தைப் பார்த்தோம், மரப்பாலத்தில் போட்டோ எடுத்தோம், மீதி நேரம் கடிகாரக் கடையில் போனது. ஏரித் தண்ணீரில் கை நனைக்கவில்லை. ஸ்ரீரங்கம் வந்தவர் ராஜகோபுரத்துக்கு எதிரே காபி குடித்துவிட்டுத் திரும்பிய கதைதான்.

அதற்கு முந்தின நாள் மலையில் நடந்தது இன்னும் மோசம். ஆறு மாதம் முன்பே தேதி போட்டுப் பதிவான டிக்கெட். உச்சியில் இறங்கினால் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மேகம். நாற்பது பேர் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு சூப் குடித்துக் கீழே வந்தோம்.

இரண்டு வருஷம் கழித்து, ஓர் அக்டோபரில், நானும் என் வீட்டுக்காரருமாக நாங்களே திட்டம் போட்டுப் போனோம். மூன்று இரவு தங்கினோம். அதிலிருந்து கற்றதைத்தான் சொல்கிறேன்.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். ரயில் பலகையில் லூசெர்ன் என்று இருக்காது. ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் இருக்கும், அறிவிப்பில் 'லுட்சேர்ன்' என்று காதில் விழும். லோசான், லொக்கார்னோ என்று இன்னும் இரண்டு ஏரிக்கரை ஊர்களும் அதே நாட்டில் உண்டு. அவசரத்தில் டிக்கெட் போடும்போது குழம்பாதீர்கள். சூரிக் விமான நிலையத்தின் கீழேயே ரயில் நிலையம். அங்கிருந்து நேரடி ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

விசா: சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் ஏற்பாட்டில் இருக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே போடலாம். 15 நாள் முன்பாவது போட்டாக வேண்டும், கோடைக்கென்றால் இன்னும் முன்னால் போடுவது நல்லது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். செலவு யூரோவில் இல்லை, சுவிஸ் பிராங்கில்.

தங்குவதற்கு ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் பாருங்கள். பழைய நகரம் அழகுதான், ஆனால் கல் பாவிய தெருக்களில் சக்கரப் பெட்டியை இழுத்துப் பார்த்தால் தெரியும் சங்கதி. ரயிலடி வாசலைத் தாண்டினால் படகுத்துறை, பக்கத்திலேயே பஸ் நிற்குமிடம். பெட்டியைப் போட்டுவிட்டு எந்தப் பக்கமும் போகலாம். பதிவு செய்யும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். கோடையில் போகிறவர்கள் ஏசி உண்டா என்றும் கேளுங்கள். பல ஓட்டல்களில் கிடையாது. ஓட்டலில் தங்குகிறவர்களுக்கு விருந்தினர் அட்டை தருவார்கள். அது இருந்தால் தங்கும் நாட்களில் நகருக்குள் பஸ் இலவசம். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

இப்போது முக்கியமான விஷயம், மலை.

லூசெர்னிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய மலைகளில் மூன்று பிரபலம்: ரிகி, பிலாட்டஸ், டிட்லிஸ். மூன்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். மூன்று இரவென்றால் முழு நாள் இரண்டு கிடைக்கும். ஒன்று மலைக்கு, ஒன்று ஊருக்கு. எது எந்த நாள் என்பதை மட்டும் ஊரிலிருந்து கிளம்பும்போது முடிவு செய்யாதீர்கள். கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம், இந்த மலைகளுக்குக் குறிக்கக் கூடாது.

அப்படியானால் எப்படி முடிவு செய்வது? காலையில் எழுந்ததும் ஜன்னலைப் பார்த்து அல்ல. நாங்கள் அந்தத் தப்பைச் செய்ய இருந்தோம். இரண்டாம் நாள் திரையை விலக்கினால் ஏரி தெரியவில்லை, எதிர்க்கரை தெரியவில்லை, ஊர் முழுக்கச் சாம்பல் நிறம். "சரி, இன்றைக்கு மியூசியம்தான்" என்று என் வீட்டுக்காரர் மறுபடி போர்வைக்குள் போய்விட்டார். நான் கைப்பேசியில் ரிகி மலையின் நேரலைக் கேமராவைத் திறந்தேன். அங்கே பளீரென்று வெயில். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் இங்கே இது சகஜம்: குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி, ஏரிக்கு மேலே மூடுபனியாகப் படுத்துக்கொள்ளும், அதற்கு மேலே வானம் சுத்தமாக இருக்கும். கோடையில் பெரும்பாலும் நேர்மாறு. காலையில் தெளிவாக இருக்கும் உச்சியை மதியத்துக்கு மேல் மேகம் பிடித்துக்கொள்ளும். ஆகவே கேமராவைப் பாருங்கள். எல்லா மலைக்கும் உண்டு, இலவசம். ஓட்டல் தொலைக்காட்சியிலும் காலையில் ஏதாவது ஒரு சேனலில் மலைக் காட்சிகள் வரிசையாக ஓடும்.

அரை மணியில் கிளம்பினோம். படகு வெண்பஞ்சுக்குள் ஊர்ந்து ஒரு மணி நேரத்தில் விட்ஸ்னாவ் சேர்ந்தது. அங்கிருந்து, தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களைப் பிடித்து ஏறும் பல்சக்கர ரயில். 1871இல் ஓடத் தொடங்கியது; ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில் இதுதான். பாதி ஏறியதும் பெட்டிக்குள் திடீரென்று வெயில் விழுந்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் 'ஓ' என்றார்கள். ரிகி உச்சி சுமார் 1,800 மீட்டர். கீழே ஏரி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் கடல், அதற்கப்பால் பனிமலைகள் வரிசை. போன தடவை சுவராக நின்ற அதே வெள்ளை இப்போது காலுக்குக் கீழே கிடந்தது. திரும்பும்போது அதே வழியில் வராதீர்கள். பாதி வழியில் ரிகி கால்ட்பாட்டில் இறங்கி, கேபிள் காரில் வெக்கிஸ் போய், அங்கிருந்து படகு பிடியுங்கள்.

எந்த மலை என்று கேட்டால், முதல் தடவை போகிறவர்களுக்கும் முட்டிவலிக்காரர்களுக்கும் ரிகி. மென்மையான மலை, நடக்கச் சமதளப் பாதைகள் உண்டு. செங்குத்தும் பாறையும் பிடிக்கும் என்றால் பிலாட்டஸ். படகில் அல்ப்னாக்ஸ்டாட் போய் 1889இல் திறந்த பல்சக்கர ரயிலில் ஏறுவது. அதிகபட்சச் சாய்வு 48 சதவீதம், இந்த வகையில் உலகிலேயே செங்குத்தானது. இறங்கும்போது மறுபக்கம் கேபிள் காரில் கிரீன்ஸ் வந்து நகர பஸ்ஸில் திரும்பலாம். அந்த ரயில் குளிர்காலத்தில் ஓடாது, தேதி பார்த்துக்கொள்ளுங்கள். டிட்லிஸ் 3,000 மீட்டருக்கு மேல், பனியைத் தொட்டே ஆக வேண்டும் என்கிற குழந்தைகள் இருந்தால் மட்டும். எனக்கு அங்கே மூச்சு வாங்கியது, கூட்டமும் அதிகம்.

டிக்கெட் கணக்கில் நிறைய பேர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். சுருக்கமாக இப்படி: நாடு முழுக்கச் சுற்றுகிறீர்கள் என்றால் சுவிஸ் டிராவல் பாஸ், அதில் ரயில், பஸ், ஏரிப் படகு, ரிகி எல்லாம் அடக்கம், பிலாட்டஸுக்குப் பாதிக் கட்டணம். லூசெர்ன் பகுதிக்குள் மட்டும், ஆனால் தினமும் மலை ஏறப்போகிறீர்கள் என்றால் டெல் பாஸ், குறைந்தது இரண்டு நாளுக்கு. சூரிக்கிலிருந்து வரும் ரயில் அதில் சேராது. எங்களைப்போல ஒரே ஒரு மலை, ஒன்றிரண்டு படகு என்றால் பாதிக் கட்டண அட்டை போதும். ஒரு மாதத்துக்குப் பெரும்பாலான பயணம் பாதி விலை. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கூட வந்தால் குடும்ப அட்டை கேளுங்கள், பெற்றோரிடம் பாஸ் இருந்தால் அவர்களுக்கு இலவசம். மலிவு விலை ரயில் டிக்கெட் ஒன்றும் உண்டு; குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும், பணம் திரும்பாது. விமான நிலையத்துக்குத் திரும்பும் நாளுக்கு வாங்கலாம். மலை நாளுக்கு வேண்டாம்.

மலை கைகொடுக்காவிட்டாலும் படகை விடாதீர்கள். இந்த ஏரியில் ஐந்து பழைய துடுப்புச்சக்கர நீராவிக் கப்பல்கள் இன்னும் ஓடுகின்றன. மூத்தது 1901இல் வந்தது. கால அட்டவணையில் நீராவிக்கென்று குறி இருக்கும், அதைப் பார்த்து ஏறுங்கள். நடுத்தளத்தில் எஞ்சின் திறந்தபடி தெரியும். பித்தளையும் எண்ணெயுமாக அந்தத் தண்டுகள் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு என் வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் அசையவில்லை. ஏரியை வெளியே போய்ப் பார் என்றால், "அது எங்கே போகப்போகிறது" என்றார்.

ஊரைச் சுற்ற ஒரு நாள் தாராளம். மரப்பாலமான காப்பெல்ப்ரூக்கெவுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் குடைகள் வந்துவிடும். 14ஆம் நூற்றாண்டுப் பாலம். 1993 ஆகஸ்டில் ஓர் இரவு பெரும்பகுதி எரிந்து, அடுத்த ஆண்டே மறுபடி கட்டித் திறந்தார்கள். கூரைக்கடியில் முக்கோண ஓவியங்கள் இருக்கும். நடுப்பகுதியில் நிமிர்ந்து பார்த்தால் சில இடம் காலியாகவும் கருகியும் இருக்கும், அதுதான் எரிந்த பகுதி.

அங்கிருந்து ராய்ஸ் ஆற்றோடு கீழே நடந்தால் எல்லோரும் தாண்டிப் போய்விடும் ஒன்று இருக்கிறது. ஆற்றுக்குக் குறுக்கே நெருக்கமாக மரச் சட்டங்கள் நட்டுவைத்த தடுப்பணை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. சட்டங்களை ஆட்கள் கையால் எடுத்தும் செருகியும் அத்தனை பெரிய ஏரியின் நீர்மட்டத்தைச் சரிசெய்கிறார்கள். முக்கொம்பு மதகைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதைவிட்டு நகர மனம் வரவில்லை. அடுத்த மரப்பாலம் ஷ்பிராயர்ப்ரூக்கெ. ஷ்பிராய் என்றால் உமி. ஆற்றில் உமி கொட்ட இந்தப் பாலத்தில்தான் அனுமதி இருந்ததாம். உள்ளே 17ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் எலும்புக்கூடாக வரும் மரணம் ராஜா, பாதிரி, வியாபாரி என்று ஒவ்வொருவரையும் கூட்டிப்போகிறது.

அப்புறம் மேட்டில் முசெக் கோட்டைச் சுவர். ஒன்பது கோபுரம், சிலவற்றில் ஏறலாம், குளிர்காலத்தில் பூட்டிவிடுவார்கள். கடிகாரக் கோபுரத்துக்கு ஒரு மரியாதை உண்டு: ஊரின் மற்ற கடிகாரங்களைவிட ஒரு நிமிடம் முன்னால் மணி அடிக்கும் உரிமை. மரப்படிகள் செங்குத்து, நான் பாதியில் நின்றுவிட்டேன்.

சிங்கம் பாறையில் குடைந்தது, 1821இல் முடிந்தது. 1792இல் பாரிஸ் அரண்மனையில் மாண்ட சுவிஸ் காவலர்களுக்கான நினைவு. மழை பிடித்தால் அதற்குப் பக்கத்திலேயே பூர்பாக்கி பனோரமாவில் நுழையுங்கள். சுற்றிலும் வட்டமாக நூறு மீட்டருக்கு மேல் நீளும் ஒரே ஓவியம்: 1871 குளிர்காலத்தில் தோற்ற பிரெஞ்சுப் படை ஆயுதங்களைப் போட்டுவிட்டு சுவிஸ் எல்லைக்குள் அடைக்கலம் வரும் காட்சி. குழுச் சுற்றுலாவில் இதன் வாசலைக் கடந்துதான் கடிகாரக் கடைக்குப் போயிருக்கிறோம்.

சாப்பாடு விலை நம்மை உலுக்கும். மதியம் கூப், மிக்ரோ போன்ற பேரங்காடிகளில் ரொட்டி, பழம், சாலட் வாங்கி ஏரிக்கரை பெஞ்சில் சாப்பிட்டோம். தண்ணீர் காசு கொடுத்து வாங்க வேண்டாம், தெரு நீரூற்றிலேயே பிடிக்கலாம். குடிக்கக் கூடாத இடத்தில் ஜெர்மனில் எழுதியிருக்கும். ஊரிலிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா கூடாது. பால் பொருளும் இறைச்சியும் இந்தியாவிலிருந்து கொண்டுவரத் தடை. பிளக்கும் கவனம்: நம் மூன்று முள் நுழையாது, ஐரோப்பாவின் தடித்த உருண்டைப் பிளக்கும் நுழையாது. மெல்லிய இரண்டு முள்தான் போகும்.

அரிசிக்காக ஒரு கடையில் ஏறினேன். கல்லாவில் இருந்த தம்பி என்னைப் பார்த்ததும், "எங்க இருந்து வாறீங்கள் அக்கா?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். சுவிஸ் ஊர்களில் ஈழத்தமிழர் கடை தேடினால் கறிவேப்பிலைகூடக் கிடைக்கும்.

ஞாயிறு அன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அன்றைக்குத்தான் போய்ச் சேருகிறீர்கள் என்றால் ரயில் நிலையத்துக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். ஓட்டலுக்குப் போகுமுன் தயிரும் ரொட்டியும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.