ஸ்கோர் மேசையில் யாரை உட்கார வைக்கிறீர்கள்?

போன வாரம் ஒரு பள்ளி மைதானத்தில் வாலிபால் மேட்சுக்கு ரெஃப்ரியாகப் போயிருந்தேன். நடத்திய பி.இ.டி. (உடற்கல்வி ஆசிரியர்) தம்பி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. சும்மா சொல்லக்கூடாது, சுண்ணாம்புக் கோடு பளிச்சென்று இருந்தது, தண்ணீர் கேன் இருந்தது, முதலுதவிப் பெட்டிகூட இருந்தது. ஸ்கோர் மேசையைப் பார்த்தால் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நான்கு கலர் பேனாக்களோடு உட்கார்ந்திருந்தான். "கையெழுத்து முத்து முத்தா இருக்கும் சார்" என்றார் தம்பி. எனக்குப் பகீரென்றது. இருபது வருஷத்துக்கு முன் நான் சொன்ன அதே வார்த்தை.

பள்ளியில் மேட்ச் நடத்தும்போது புது மாஸ்டர்கள் செய்கிற தப்புகளைத்தான் சொல்கிறேன். பந்தில் காற்று இல்லை, விசிலை மறந்துவிட்டேன் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை மானம் போனால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். சரியாகாதவை வேறு.

வலையைக் கம்பத்துப் பக்கம் நின்று அளப்பது

ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. சின்னப் பிள்ளைகள் பிரிவுக்கு அந்தந்தப் போட்டியின் விதியைப் பாருங்கள். அளக்க வேண்டிய இடம் ஆடுகளத்தின் நடு. பக்கக்கோடுகளுக்கு மேலே இரண்டு புறமும் ஒரே உயரம் இருக்க வேண்டும், அது நடுவைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் ஏறக்கூடாது. பழைய கயிறு காலை எட்டு மணிக்கு விறைப்பாக நிற்கும், பதினொரு மணி வெயிலில் தொய்ந்துவிடும். ரெஃப்ரி அளவுக்கோலோடு வரும்போது கயிற்றை இழுத்துக் கட்டத் தெரிந்த ஆள் பக்கத்தில் நிற்கட்டும். வலையை இறுக்கும் கம்பத்துக் கைப்பிடி ஸ்டோர் ரூமில், ஸ்டோர் ரூம் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் டீக்கடையில் என்று இருந்தால் பன்னிரண்டு பிள்ளைகள் வெயிலில் காய்வார்கள்.

கையெழுத்தைப் பார்த்து ஸ்கோரர் ஆக்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். என் மேல்தான்.

அப்போது நான் வட சென்னையில் ஒரு பள்ளியில் இருந்தேன். எங்கள் மைதானத்தில் நான்கு பள்ளிகள் ஆடிய ஒருநாள் போட்டி. நந்தனத்தில், 1920-ல் ஹாரி பக் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரியில் படித்தவன் என்கிற மிதப்பு வேறு எனக்கு. ரெஃப்ரிகள் இரண்டு பேரை வெளியிலிருந்து அழைத்திருந்தேன். ஸ்கோரருக்குத் தனியாக ஆள் கேட்டால் இன்னொரு மதிப்பூதியம் ஆகுமே என்று, பத்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பையன் ஒருவனை உட்கார வைத்தேன். முதல் நாள் மாலை அரை மணி நேரம் ஸ்கோர் ஷீட்டைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டினான். புரிந்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

மூன்று செட் ஆட்டம். முதல் இரண்டும் ஆளுக்கு ஒன்று. கடைசி செட் 15 புள்ளி, எங்கள் பள்ளிதான் ஒரு பக்கம். கடைசி செட்டில் யாராவது 8 எடுத்ததும் பக்கம் மாற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்கோர் ஷீட்டிலும் ஓர் அணி கட்டம் மாறும் என்பது மேசையில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். அந்தத் தாளில் கடைசி செட்டுக்கு மட்டும் மூன்று பகுதிகள் இருக்கும். இடப்புறம் ஆடிய அணியின் கணக்கு, பக்கம் மாறியதும் மூன்றாவது பகுதிக்குப் போக வேண்டும். நம் பையன் அங்கே குழம்பினான். புள்ளிகளை மட்டும் ஒழுங்காக வெட்டிக்கொண்டே வந்தான். யார் சர்வீஸ் போட்டார், எந்தப் புள்ளியில் சர்வீஸ் கைமாறியது என்று குறிக்கிற சின்னச் சின்னக் கட்டங்களெல்லாம் காலி. அவனைச் சொல்லி என்ன செய்வது, தன் பள்ளி ஜெயிக்கப் போகிறது என்றால் பத்தாம் வகுப்புப் பையன் தாளையா பார்ப்பான்?

12-10, நாங்கள் முன்னால். எதிரணி மாஸ்டர் எழுந்து வந்தார், வயதில் பெரியவர். "பக்கம் மாறினதுலேருந்தே உங்க பசங்க ரொட்டேஷன் தப்பு, தம்பி. மாறறதுக்கு முன்னாடி சர்வீஸ் போட்டவன் வேற." ரொட்டேஷன், அதாவது யாருக்குப் பின் யார் சர்வீஸ் போடுவது என்ற வரிசை, செட்டுக்கு முன்பே தாளில் எழுதிக் கொடுத்தது. அந்த வரிசைத் தாளோடு ஒப்பிட்டால் அவர் சொன்னது சரி, அந்த நேரத்தில் சர்வீஸ் போட்டவன் தப்பான ஆள்தான். அது எப்போது தொடங்கியது என்பதுதான் கேள்வி. தொடங்கிய நேரம் தெரிந்தால், எதிரணிக்கு ஒரு புள்ளி, சர்வீஸ் போக, அதற்குப் பிறகு தப்பு செய்த அணி எடுத்த புள்ளிகளெல்லாம் ரத்து, எதிரணியின் புள்ளிகள் அப்படியே நிற்கும். தெரியாவிட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி, சர்வீஸ், அவ்வளவுதான். அந்த நேரத்தைச் சொல்ல வேண்டியவர் ஸ்கோரர்.

ரெஃப்ரி உயரத்திலிருந்து இறங்கி மேசைக்கு வந்தார், தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அந்தப் பார்வைக்கு மெமோவே தேவலை.

பெரியவர் சொன்னது சரியென்றால் 8-ல் பக்கம் மாறிய பிறகு நாங்கள் எடுத்த நான்கு புள்ளிகள் போய் 8-11 ஆகியிருக்கும். தாள் காலி என்பதால் 12-11 என்று ஆட்டம் தொடர்ந்தது, 15-13-ல் நாங்கள் ஜெயித்தோம். ரெஃப்ரி விதிப்படிதான் செய்தார். ஆனால் வெளியே கேட்டில் நின்ற பெற்றோருக்கு என்ன தெரியும்? "அவங்க கிரவுண்டு, அவங்க ரெஃப்ரி" என்றார்கள். அந்த ரெஃப்ரிக்கும் எங்கள் பள்ளிக்கும் சாயா குடித்த பழக்கம்கூடக் கிடையாது. அதற்குப் பிறகு நான் அழைத்தபோதெல்லாம் அவருக்கு வேறு வேலை இருந்தது. அந்தப் பள்ளி இரண்டு வருஷம் எங்கள் மைதானத்துக்கு வரவில்லை. அந்தப் பையன் அழுதான், பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை. ஒரு ஸ்கோரரின் மதிப்பூதியத்தை மிச்சம் பிடித்ததில் நான் சம்பாதித்தது இவ்வளவு.

அதனால் இன்றைக்கு என் வழக்கம் இது. ஆடுகிற இரண்டு பள்ளிகளையும் சேராத ஒருவர், ஸ்கோர் ஷீட் முழுதாக நிரப்பிப் பழகியவர், மேசையில் உட்கார வேண்டும். அதற்குக் காசு இல்லையென்றால் கோப்பையைச் சின்னதாக வாங்குங்கள். பையன்களுக்குப் பழக்கம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. உதவிக்குப் பக்கத்தில் உட்காரட்டும், இன்னொரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். மேட்ச் தொடங்கும் முன் இரண்டாவது ரெஃப்ரியும் ஸ்கோரரும் ஐந்து நிமிஷம் சேர்ந்து உட்கார்ந்து வரிசைத் தாளைச் சரிபார்க்கட்டும். மேசையில் பழைய பள்ளிக்கூட மணி ஒன்றை வையுங்கள். தப்பான ஆள் சர்வீஸை அடித்ததும் ஸ்கோரர் ஒரு தட்டுத் தட்டினால் போதும், நான்கு புள்ளி ஓடிய பிறகு சண்டை போட வேண்டியதில்லை.

போன வார மேட்சில் நான் அந்தத் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்சம் முகம் சுருங்கியது. அப்புறம் மேட்ச் இல்லாமல் உட்கார்ந்திருந்த மூன்றாவது பள்ளி மாஸ்டரைக் கெஞ்சிக் கூட்டி வந்தார்.

நடுவரை ஹெச்.எம். அறைக்குள் அழைத்துப் போவது

மரியாதைதான், தப்பில்லை. ஆனால் வந்த அணி வேனிலிருந்து இறங்கும்போது ரெஃப்ரி உங்கள் ஹெச்.எம்.மோடு கேசரி சாப்பிடுகிற காட்சி வேண்டாம். டிபனை மைதானத்துக்கே கொண்டுவாருங்கள், இரண்டு அணி மாஸ்டர்களுக்கும் சேர்த்து. உடை மாற்ற ஓர் அறையும் கழிப்பறைச் சாவியும் கொடுத்தால் கேசரியைவிட அதற்குத்தான் அவர் நன்றி சொல்வார்.

சொந்தப் பள்ளி ஆட்டத்துக்கு விசில் ஊதுவது

கூடாது. "ஆள் வரலை சார், நானே ஊதிடறேன்" என்றாலும் கூடாது.

மைக்கில் கமென்ட்ரி

ஸ்கோர் சொல்லுங்கள், பேர் சொல்லுங்கள். "பந்து உள்ளேதான் விழுந்த மாதிரி இருந்தது" என்று சொல்லாதீர்கள்.

ரெஃப்ரியிடம் போனில் வீடியோ காட்டுவது

செல்லாது. உள்ளே வையுங்கள்.

வெளிச்சத்தைக் கணக்கில் எடுக்காதது

நவம்பர், டிசம்பரில் சென்னையில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மழைக்காலம் வேறு. பைனலை ஐந்து மணிக்கு வைத்துவிட்டு, மூன்றாவது செட்டில் ரெஃப்ரியிடம் போய் "கொஞ்சம் சீக்கிரம் சார்" என்றால் அவர் என்ன செய்வார்? சிறப்பு விருந்தினர் உரையை வெட்டுங்கள், ஆட்டத்தை வெட்டாதீர்கள். ஈரத்தரையில் ஆடலாமா என்பதையும் அவர் சொல்லட்டும். கேடயத்தில் தேதி அச்சடித்தாயிற்று என்று அவரை நெருக்காதீர்கள்.

கேப்டன் கையெழுத்து

ஆட்டம் முடிந்ததும் இரண்டு கேப்டன்களும் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஜெயித்த பையன் தோளில் ஏறிவிடுவான், தோற்றவன் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான். மேசையை மடிக்கும் முன் பாருங்கள். வேன் கிளம்பிவிட்டால் அப்புறம் டூவீலரில் துரத்த வேண்டியதுதான். பூந்தமல்லி நெடுஞ்சாலை சிக்னலில் வேன் ஜன்னல் வழியாகத் தாளை நீட்டி நான் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.