திருகோணமலைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: கார்த்திகைப் புயலைச் சமாளிக்கும் வழி

ஐப்பசி பிறந்ததும் முதலில் கூரையைப் பாருங்கள். வானிலை அறிக்கையைப் பிறகு பார்க்கலாம். புயல் வருகிறது என்று வானொலி சொன்ன பிறகு இந்த ஊரில் ஒரு மேசனையும் பிடிக்க முடியாது. எல்லாரும் தங்கள் சொந்த வீட்டுக் கூரையில் ஏறி நிற்பார்கள்.

நான் அலஸ்தோட்டத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறேன். கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவள். மாற்றலாகி வருகிறவர்கள் பலர் எங்கள் ஒழுங்கையில்தான் வாடகைக்கு வீடு எடுக்கிறார்கள். ஹற்றன் பக்கத்திலிருந்து வந்த இளம் தாதி ஒருத்தி, "ரீச்சர், எங்களுக்கு மண்சரிவுதான் தெரியும். இங்கே புயல் வந்தால் என்ன செய்வது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வாடகை வீடுகளில் பெரும்பாலும் அஸ்பெஸ்டோஸ் சீற் அல்லது தகரம் போட்டிருக்கும். நடுக்கூரை அவ்வளவு எளிதில் போகாது. தாழ்வார ஓரமும் முகட்டு வரிசையும்தான் முதலில் கிளம்பும், காற்று அங்கேதான் அடியில் புகுந்து தூக்குகிறது. அந்த வரிசைகளில் துருப்பிடித்த போல்ட்டுகளை மாற்றித் தரும்படி வீட்டுக்காரரிடம் இப்போதே கேளுங்கள். கூச்சம் வேண்டாம், அது அவருடைய கூரை. அஸ்பெஸ்டோஸ் சீற்றில் நேரடியாக ஏறி மிதிக்கக் கூடாது, மரச்சட்டத்தின் மேலே பலகை போட்டு ஆள் ஏற வேண்டும். முருங்கை சும்மா காற்றுக்கே முறியும், ஆகவே கிளைகளைத் தறித்துவிடுங்கள். தென்னை நின்றால் தேங்காயையும் காய்ந்த மட்டையையும் இறக்கிவிடுங்கள். பெருங்காற்றில் பறக்கும் தேங்காய் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே வரும்.

அடுத்து, அறிக்கையைப் படிக்கும் விதம். இதில் பலர் குழம்புகிறார்கள், ஏனென்றால் அதில் இரண்டு வேகங்கள் இருக்கும். ஒன்று புயலுக்குள் வீசும் காற்றின் வேகம். மற்றது புயல் முழுவதும் இடம்பெயரும் வேகம். திருகோணமலைக்குக் கிழக்கே 240 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது, மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் நம்மை நோக்கி நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 240ஐ 12ஆல் வகுத்தால் 20. அது நடுப்பகுதி வந்து சேர எடுக்கும் மணித்தியாலங்கள். காற்றும் மழையும் அதற்கு வெகு முன்பே வந்துவிடும். ஆகவே அந்த இருபதில் பாதியை மட்டும் உங்களுடையது என்று எடுத்துக்கொண்டு வேலைகளை முடியுங்கள். மெதுவாக நகர்கிறது என்று கேட்டு நிம்மதி அடையாதீர்கள். மெதுவான புயல் ஒரே இடத்தில் அதிக நேரம் மழையைக் கொட்டும். இன்னொன்று: காற்று மணிக்கு 62 கிலோமீற்றரை எட்டினால்தான் பெயர் வைக்கிறார்கள். பெயர் கிடைக்காத தாழமுக்கமும் வீட்டுக்குள் தண்ணீரைக் கொண்டுவரும்.

ஒவ்வொரு அறிக்கையிலும் புயல் எங்கே நிற்கிறது என்பதை வரைபடத்தில் புள்ளியிட்டு வையுங்கள். மூன்று புள்ளி சேர்ந்தால் போக்கு தெரியும். தொலைபேசியில் வரும் வதந்திகளை நம்ப வேண்டிய தேவை அதோடு பாதி குறைந்துவிடும்.

மின்சாரம் போய், தொலைபேசிக் கோபுரமும் செத்த பிறகு என்ன செய்வது? காற்றைப் பாருங்கள். திருக்கடலூர்க் கடற்றொழிலாளர்கள் வாடை, கொண்டல், சோழகம் (தெற்குக் காற்று), கச்சான் என்று சொல்வது இதற்குத்தான் உதவும். நம் பக்கத்துப் புயல்களில் காற்று இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுகிறது. புயல் கிழக்கே இருக்கும்போது நமக்கு வாடைதான் அடிக்கும், அதாவது வடக்கிலிருந்து. அந்த வாடை மெல்லக் கொண்டலாக, கிழக்குக் காற்றாகத் திரும்பினால் புயலின் நடு நமக்குத் தெற்கே போகிறது. அதுதான் நமக்குக் கெட்ட பக்கம், கடலைத் தள்ளி ஊருக்குள் ஏற்றும். டச்சுக்குடா, திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளிக் கரையோரத்தில் இருப்பவர்கள் அதற்கு முன்பே மேட்டுக்குப் போயிருக்க வேண்டும். வாடை கச்சானாக, மேற்குக் காற்றாகத் திரும்பினால் நடு நமக்கு வடக்கே போகிறது. அப்போது காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரத்தில் கடல் சற்று உள்வாங்கினது போலவும் தெரியலாம். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட ஊர் இது. கடல் உள்வாங்கியது என்று ஒருவர் சொன்னால் போதும், ஊரே ஓடும். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சூறாவளிக்குள், கம்பிகள் அறுந்து கிடக்கும் இருட்டில், பிள்ளைகளோடு வீதியில் ஓடுவது வீட்டுக்குள் இருப்பதைவிட ஆபத்தானது. கரையோரத்தவர்கள் நேரத்தோடு எழும்பிப் போயிருந்தால் அந்த ஓட்டமே தேவைப்படாது.

காற்று திரும்பாமல் திடீரென்று நின்றுபோனால், நடுப்பகுதி உங்கள் தலைக்கு மேலே இருக்கக்கூடும். வெளியே இறங்காதீர்கள். எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று மறுபடியும் வரும்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையே கரையேறியது. நகரத்துக்கு வடக்கே போன புயல் அது. நகரத்துக்குள் இருந்த பலர் மறுநாள் காலை, புயல் என்றால் இவ்வளவுதான் என்று பேசிக்கொண்டார்கள். 1964 டிசம்பர்ப் புயலை அனுபவித்த எங்கள் அப்பா அப்படிப் பேச விடமாட்டார். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியை அங்கே சொந்தக்காரர் உள்ளவர்களிடம் கேட்டுப்பாருங்கள். ஒரு புயலை வைத்து அடுத்த புயலை எடை போடக் கூடாது.

இனி வீட்டுக்குள். தண்ணீர்தான் முதலாவது. குழாய்த் தண்ணீர் கந்தளாயிலிருந்து வருகிறது. மின்சாரமோ குழாயோ வழியில் எங்கே பழுதானாலும் நமக்கு நின்றுவிடும். அண்டா, வாளி, குடம், குளியலறைத் தொட்டி எல்லாவற்றையும் நிரப்பி மூடுங்கள். கிணறு இருந்தால் வாளியும் கயிறும் வாங்கி வையுங்கள், மோட்டாரை நம்பியிருக்கிற வீடுகளில் கயிறே இருப்பதில்லை. மோட்டாரைக் கழற்றி உயரத்தில் வையுங்கள். அரிசி, பருப்பு, மா, சீனி, தேயிலை, நெத்தலிக் கருவாடு, ரின் மீன், பிஸ்கற், அவல் போதும். அவல் மிக நல்லது, அடுப்பில்லாமலே ஊறவைத்துத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். டோர்ச், மின்கலம், சிறிய வானொலி, நெருப்புப்பெட்டி ஆகியவற்றைப் பொலித்தீன் பைக்குள் போடுங்கள். அரிக்கன் லாம்பு எரித்தால் மூடிய அறையில் எரிய விட்டபடி தூங்காதீர்கள்.

மருந்தை நான் தனியாகச் சொல்கிறேன். இரத்த அழுத்தம், சீனி வருத்தம் உள்ளவர்கள் கிளினிக் நாளுக்கு முன்பே மருந்து முடியாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்குக் குளிர்சாதனப் பெட்டி நின்றுபோனால் ஒரு வழி இருக்கிறது. புட்டியை மூடிய போத்தலுக்குள் போட்டு, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் நிழலில் வையுங்கள். கிளினிக் கொப்பியை மறந்துவிடாதீர்கள்.

அந்தக் கொப்பி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காணி உறுதி எல்லாம் ஒரே பையில், இரட்டைப் பொலித்தீனுக்குள், கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்க வேண்டும். போரிலும் ஆழிப்பேரலையிலும் உறுதியைப் பறிகொடுத்தவர்கள் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) நீதிமன்றத்துக்கும் வருடக்கணக்கில் அலைந்ததை இந்த மாவட்டம் கண்டிருக்கிறது. வீடு போனால் திரும்பக் கட்டலாம். காணி உங்களுடையது என்று காட்ட முடியாவிட்டால் எங்கே கட்டுவது? தொலைபேசியில் படம் எடுத்து வெளியூரில் உள்ள சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பியும் வையுங்கள்.

உங்கள் கிராம உத்தியோகத்தர் யார் என்று தெரியாமல் கார்த்திகைக்குள் போகாதீர்கள். எந்தப் பாடசாலையைத் தங்குமிடமாகத் திறப்பார்கள் என்று அவரிடம் கேட்டு வையுங்கள். ஒழுங்கையில் தனியே இருக்கும் முதியவர், கர்ப்பிணி, நடக்க முடியாதவர் யார் என்று சொல்லியும் வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அம்புலன்ஸ் 1990.

காற்று வீசும் இரவில் எல்லா ஜன்னலையும் மூடி, கண்ணாடி இல்லாத உள்ளறையில் இருங்கள். ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. உள்ளே நுழைந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்த விரும்புகிற விடயம். புயல் கடலிலிருந்து வந்தாலும் அதன் தண்ணீர் நமக்கு மலையிலிருந்து வருகிறது. கண்டியில் பெய்கிற மழை மகாவலி வழியாகக் கொட்டியாரக்குடாவுக்கு வந்து சேர நாட்கள் எடுக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. இங்கே காற்று அடங்கிய பிறகுதான் மாவிலாற்று அணைக்கட்டு உடைத்துக்கொண்டு மூதூர், சேருவில, வெருகல் பக்கங்களைத் தண்ணீர் மூடியது. வெயில் எறித்த நாளில் வெள்ளம் வரும் என்று நம்புவது கடினம். ஆகவே மூதூர், ஈச்சிலம்பற்று, கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் இருப்பவர்கள் தங்கள் வானத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மலைநாட்டில் எவ்வளவு மழை, எந்தக் குளத்தின் வான்கதவைத் திறந்தார்கள், மகாவலி நீர்மட்டம் எப்படி என்று வானொலியில் கேளுங்கள். தங்குமிடத்திலிருந்து வீடு திரும்பும் நாளையும் அதை வைத்தே தீர்மானியுங்கள். முழங்கால் அளவு தண்ணீர் வீதிக்குக் குறுக்கே ஓடினால் மோட்டார் சைக்கிளில் கடக்க முயலாதீர்கள். அந்த ஆழத்தில் ஓடும் தண்ணீரே வண்டியையும் ஆளையும் இழுத்துவிடும்.

வீட்டுக்குள் போகும்போது பாம்பு இருக்கும் என்று எண்ணியே போங்கள். பிரதான ஆளியை (மெயின் சுவிட்ச்) நிறுத்தாமல் ஈரச் சுவரைத் தொடாதீர்கள். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் குளோரின் வாங்கிப் போடும் வரை குடிக்கவோ வாய் கொப்பளிக்கவோ வேண்டாம். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றப் பொடி) கரைத்துக் கொடுங்கள். சேற்றைக் கழுவும்போது செருப்பில்லாமல் நிற்காதீர்கள். பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளத்தில் நின்றதை வைத்தியரிடம் சொல்லுங்கள். சிரட்டை, குரும்பைக் கோது, உடைந்த வாளி எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள். அடுத்து வருவது டெங்கு.

கழுவித் துடைப்பதற்கு முன் ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய வேண்டும். நனைந்த மெத்தை, விழுந்த சீற், பழுதான மோட்டார் எல்லாவற்றையும் திகதியோடு கொப்பியில் எழுதி, பிரதியோடு கிராம உத்தியோகத்தரிடம் கொடுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் பொருட்களின் சேதத்தைத் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும், வீட்டுக்காரருடைய விண்ணப்பத்தில் அது சேராது.