பொலன்னறுவைக்குப் போறீங்களா? ஒரு சோடி மேசு எடுத்துக்கொள்ளுங்கள்

மட்டக்களப்பில் இருந்து கொழும்பு ரயிலில் ஏறினால் பொலன்னறுவையில் இறங்கலாம். ஆனால் ஸ்டேஷன் இருப்பது கதுருவெலயில். பழைய நகரம் இன்னும் சுமார் 4 கிலோமீற்றர் தள்ளி; பஸ்ஸோ ஓட்டோவோ பிடிக்க வேண்டும். அங்கே சைக்கிள் வாடகைக்கு எடுங்கள், நடந்து முடிக்கிற இடமல்ல.

வட்ட வடிவப் பௌத்த ஆலயமான வட்டதாகே, பாறையில் புத்தர் சிலைகள் செதுக்கிய கல்விகாரை போன்ற இடங்களில் செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும். பதினொரு மணிக்குப் பிறகு கருங்கல் தரை தோசைக்கல்தான்! போன தடவை நான் துள்ளித் துள்ளி ஓடியதைப் பார்த்து பிள்ளைகள் இன்னும் சிரிக்கிறார்கள். தடித்த மேசு போட்டால் பிரச்சினை இல்லை. காலையிலேயே கல்விகாரைக்குப் போய்விட்டால் இன்னும் நல்லது. 14 மீற்றர் நீளச் சயன புத்தரை ஆறுதலாகப் பார்க்கலாம். சிலைக்கு முதுகு காட்டி மட்டும் படம் எடுக்காதீர்கள்.

அப்புறம், நம்மவர்கள் பலர் தவறவிடுவது இரண்டாம் சிவாலயம். சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈஸ்வரம் அதுதான். முழுக்கக் கல், சுவரில் தமிழ்க் கல்வெட்டு. எழுத்துகளைப் படித்துப் பார்க்க அரை மணியாவது ஒதுக்குங்கள்.

அடையாள அட்டையும் மறக்க வேண்டாம்.