பழைய கல் வீட்டில் கை வைக்கும் முன்: இங்கிலாந்துக் கிராமங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியின் பைபரி கிராமத்தில் ஆர்லிங்டன் ரோ என்றொரு கல் வீட்டு வரிசை உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காக எழுந்து, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர்களின் குடியிருப்பாக மாறியது. இத்தகைய ஊர்களின் தோற்றத்தைக் காக்கவே 1967-இல் பாதுகாப்புப் பகுதிச் சட்டம் வந்தது. முதலில் அறிவிக்கப்பட்ட ஊர் ஸ்டாம்ஃபோர்டு. இன்று இங்கிலாந்தில் ஏறக்குறைய 10,000 பகுதிகள் உள்ளன.

இங்கே வீடு வாங்குகிறவர்கள் முதலில் தடுமாறுவது, பாதுகாப்புப் பகுதியையும் பட்டியலிடப்பட்ட கட்டடத்தையும் (வரலாற்று அல்லது கட்டடக்கலைச் சிறப்புக்காக அரசுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட தனிக் கட்டடம்) ஒன்றாக நினைப்பதில். முன்னது பெரும்பாலும் வெளித்தோற்றத்தைப் பற்றியது. அங்குள்ள சாதாரண வீட்டின் உள்ளே சமையலறையை மாற்ற யாரும் தடை சொல்வதில்லை. பட்டியலிடப்பட்ட வீடு அப்படியல்ல. உள்ளே இருக்கும் மாடிப்படி, கணப்படுப்பு, பழைய கதவு எல்லாம் அதில் அடக்கம். 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே அந்த வளாகத்தில் நிற்கும் கொட்டகையும் மதிலும்கூடச் சேரலாம். அனுமதியின்றி அவற்றின் தன்மையை மாற்றுவது குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையும், உச்சவரம்பில்லாத அபராதமும் விதிக்கலாம்.

எனக்கு மிகவும் வலிப்பது சிமென்ட் பூச்சு. பழைய சுவரின் கற்களுக்கு இடையில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. சுவர் குடித்த மழைநீர் அந்த மென்மையான இணைப்புகள் வழியாகத்தான் ஆவியாகி வெளியேறும். "உறுதியாக இருக்கட்டும்" என்று சிமென்ட் வைத்து அடைத்தால் ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது கல்லின் முகம் அப்பளம் போல் பெயர்ந்து விழும். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் கல் உள்வாங்கி, சிமென்ட் கோடுகள் மட்டும் எலும்பு போல் துருத்தி நிற்கும். நல்ல எண்ணத்தோடு செய்த வேலை இப்படி முடிவதைக் காண மனம் பொறுப்பதில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள்.

"பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் சன்னல் போட்டிருக்கிறார்களே" என்பதும் சரியான காரணம் ஆகாது. வழக்கமாக அனுமதி தேவைப்படாத சிறு மாற்றங்களுக்கும் அனுமதி கேட்கும்படி செய்ய, கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) 'ஆர்ட்டிகிள் 4' என்ற ஆணையைப் பிறப்பிக்கலாம். அந்த ஆணைக்கு முன்பே அவர்கள் மாற்றியிருக்கலாம்.

மரத்திலும் அவசரம் கூடாது. பாதுகாப்புப் பகுதியில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 75 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், வெட்டுவதற்கோ கிளை கழிப்பதற்கோ ஆறு வாரம் முன்னதாகக் கவுன்சிலுக்கு எழுத வேண்டும்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டியலிடப்பட்ட வீட்டில் அனுமதியின்றி நடந்த வேலைக்கு எதிரான நடவடிக்கைக்குக் காலக்கெடு கிடையாது. முந்தைய உரிமையாளர் இடித்த சுவருக்காக உங்கள் மீது வழக்குப் போட முடியாது. ஆனால் அதைச் சரிசெய்யச் சொல்லும் ஆணை, இன்றைய உரிமையாளரான உங்கள் வாசலுக்கு வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொரு மாற்றத்துக்குமான அனுமதிக் கடிதத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.