ட்ரோனில் களைநாசினி அடிப்பது: கணக்கு, காற்று, கழுவல்

ட்ரோனில் அடித்தும் களை சாகவில்லை என்றால் இயந்திரத்தைக் குறை சொல்லுமுன் மருந்துக் கணக்கைப் பாருங்கள். முதுகுத் தாங்கியால் அடித்தால் ஏக்கருக்கு 16 லீற்றர் தாங்கி எட்டு, பத்து போகும். ட்ரோனுக்கு அதே ஏக்கருக்கு 16 லீற்றர் தண்ணீர் போதும். குறைவது தண்ணீர் மட்டும்தான், மருந்து குறையாது. தாங்கிக்கு 40 மில்லிலீற்றர் படி எட்டுத் தாங்கி அடிக்கும் மருந்தென்றால், அந்த 320 மில்லிலீற்றரும் ட்ரோன் தாங்கிக்குள் போகவேண்டும். பழக்கதோஷத்தில் 40ஐ மட்டும் ஊற்றினால் எட்டிலொரு பங்குதான் வயலில் விழும். நெற்சப்பிக் களை கொஞ்சம் மஞ்சளித்துவிட்டுத் திரும்ப நிமிரும். அப்படித் தப்பியவை கொட்டும் விதையிலிருந்துதான் மருந்துக்கு அசையாத களை உருவாகிறது. இவ்வளவு கெட்டியாகக் கலக்க எல்லா மருந்தும் ஏற்றதல்ல. லேபிளை வாசித்து, விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்டபின் வாங்குங்கள்.

ட்ரோனும் பறப்பும் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் பதிவுக்கும் அனுமதிக்கும் உட்பட்டவை. வாடகைக்கு எடுத்தால் அந்தக் கடதாசிகளை முதலில் காட்டச் சொல்லுங்கள்.

வீசி விதைத்த வயலில் பிஸ்பைரிபாக் சோடியம் போன்ற மருந்துக்குச் சரியான நேரம் களை இரண்டு முதல் நான்கு இலையில் நிற்கும்போது. முதல்நாளே தண்ணீரை வடியுங்கள். களையின் இலை தண்ணீருக்குள் கிடந்தால் மருந்து அதில் படாது. அடித்து இரண்டு மூன்று நாளில் திரும்பத் தண்ணீர் கட்டவேண்டும், இல்லாவிட்டால் புதுக் களை முளைக்கும். இரணைமடு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழ் முறைத் தண்ணீர் என்பதால், வாய்க்கால் திறக்கும் நாளைக் கமக்காரர் அமைப்பிடம் கேட்டுவிட்டு ட்ரோனுக்கு நாள் குறியுங்கள். மானாவாரி வயலில் மழையை நம்பித்தான் இது நடக்கும். ஆனால் அடித்து ஆறு மணித்தியாலத்துக்குள் மழை பெய்தால் காசு தண்ணீரோடு போகும்.

இனி அளவுபார்த்தல். வேகம் செக்கனுக்கு 4 மீற்றர், ஒரு ஓட்டத்தின் அகலம் 4 மீற்றர் என்றால் செக்கனுக்கு 16 சதுர மீற்றர். ஏக்கர் 4047 சதுர மீற்றர். ஆக 253 செக்கன், கிட்டத்தட்ட 4.2 நிமிடம். அதற்குள் 16 லீற்றர் இறங்க நிமிடத்துக்கு 3.8 லீற்றர் வேண்டும். நான்கு நொசில் (மருந்து தெளிக்கும் முனை) என்றால் ஒவ்வொன்றும் 0.95 லீற்றர். நீல நிற 11003 நொசில் 2 பார் அமுக்கத்தில் ஏறத்தாழ இவ்வளவு தரும். ஆரஞ்சு நிற 11001இன் துளி பூச்சி மருந்துக்குச் சரி, களைநாசினிக்கு மிக நுண்மை. அடுத்த காணிக்குப் போவது அந்தத் துளிதான்.

கணக்கோடு விடாமல் பச்சைத் தண்ணீரை ஊற்றி, பம்பை நிலத்திலேயே ஓடவிட்டு, ஒவ்வொரு நொசிலுக்குக் கீழும் அளவுச் சாடியை ஒரு நிமிடம் பிடியுங்கள். ஒன்று மற்றவற்றைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ கழற்றி மெல்லிய தூரிகையால் தேய்யுங்கள். ஊசி வேண்டாம், துளை பெருத்துவிடும். வாயால் ஊதவே கூடாது.

குளத்துக் கலங்கல் தண்ணீர் வடியை (வடிகட்டியை) அடைக்கும். தெளிந்த கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடித்து எடுங்கள். தாங்கியில் பாதித் தண்ணீர் நிரப்பி, பொடி மருந்தை வாளியில் கரைத்து முதலில் ஊற்றவேண்டும், பால்போன்றது அடுத்து, எண்ணெய்த் தன்மையானது கடைசி. இரண்டு மருந்தைச் சேர்ப்பதென்றால் அதே விகிதத்தில் ஒரு லீற்றர் போத்தலில் கலந்து அரை மணித்தியாலம் வையுங்கள். திரண்டாலோ அடியில் படிந்தாலோ அந்தச் சோடி வேண்டாம். கலப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம், கையில் இருப்பது எட்டு மடங்கு கெட்டி. கையுறை, கண்ணாடி, முகக்கவசம், நீளக்கை உடுப்பு இல்லாமல் மூடியைத் திறக்கவேண்டாம்.

காலை ஆறு முதல் ஒன்பது வரை நல்ல நேரம். சிறுபோகத்தில் வெயில் ஏறச் சோழகக் காற்றும் ஏறும். காற்று செக்கனுக்கு 3 மீற்றரைத் தாண்டினால் இறக்கிவிடுங்கள். காற்றே அசையாத விடியலும் நல்லதல்ல. வரம்பில் கொஞ்சம் வைக்கோல் கொளுத்திப் பாருங்கள்: புகை மேலே போய்க் கலைந்தால் அடிக்கலாம், ஆளுயரத்தில் பாய்விரித்ததுபோல் கிடந்தால் பொறுங்கள். அந்தப் புகை போகிற பக்கமே மருந்தும் போகும். அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் எம்சிபிஏ அடிக்கும் வயலுக்குப் பக்கத்தில் மிளகாய், கத்தரி, பப்பாளி, கௌபி இருந்தால் ட்ரோனே வேண்டாம் என்பது எங்கள் முடிவு. முறுகிச் சுருளும் மிளகாயிலைக்கு நட்டஈடு கட்டுவதைவிட ஆளுக்குக் கூலி கொடுப்பது மலிவு.

பறக்குமுன் வயலைச் சுற்றி நடந்து பனை, மின்கம்பி, யானைவேலி, வெருளித் தடி எல்லாவற்றையும் வரைபடத்தில் குறியுங்கள். கம்பி கமராவுக்குத் தெரியும் என்று நம்பாதீர்கள். பயிருக்கு மேல் 2 முதல் 2.5 மீற்றர் உயரம் போதும். திரும்பும் இடத்தில் பம்ப் நிற்கவேண்டும். கிணறு, வாய்க்கால், குளக்கரை ஓரங்களை விட்டு, அங்கு கைக்களை எடுங்கள். பாரத்தோடு ஒரு பற்றரி பத்து நிமிடத்துக்கு மேல் பெரிதாகத் தாங்காது. இறங்கிய சூட்டோடு சார்ஜ் போட்டால் வீங்கும், நிழலில் ஆறவிடுங்கள்.

முடிந்ததும் மூன்றுமுறை கழுவி, அந்தத் தண்ணீரை அதே வயலில் அடியுங்கள், வாய்க்காலில் ஊற்றாதீர்கள். நொசிலையும் வடியையும் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவிடுங்கள். எம்சிபிஏ போட்ட தாங்கியில் மிளகாய்க்குப் பூச்சி மருந்து கலக்கவே வேண்டாம். தனித் தாங்கி வையுங்கள்.

பத்தாம் நாள் வயலைப் பாருங்கள். ஓட்டத் திசையில் சம இடைவெளியில் பச்சைக் கோடுகள் தெரிந்தால் அகலம் கூடிவிட்டது, அடுத்தமுறை 3.5 மீற்றராக்குங்கள். ஒல்லிக் கோடு திரும்பத் திரும்ப வந்தால் ஒரு நொசில் அடைபட்டிருக்கிறது. திட்டுத் திட்டாகத் தப்பியிருந்தால் அது பள்ளம், களை தண்ணீருக்குள் கிடந்திருக்கும். ஓரத்தில் நெல்லே எரிந்திருந்தால் திரும்பும்போது பம்ப் நிற்கவில்லை. வயல் முழுக்கச் சுத்தமாகி, நெல்லைப்போலவே ஒன்று மட்டும் உயர்ந்து நின்றால் அது பன்றிநெல். நெல்லின் இனமேயான அதை இந்த மருந்துகள் பிரித்தறியாது. கதிர் கொட்டுமுன் ஆள்விட்டு வெட்டவேண்டும்.